பதினொரு முகங்கள்

நிலவு, தென்முனை. மேட்டுமுனை அஞ்சல் நிலையம்.

பதிவு 1 | 07:10 | மின்கலம் 58%

நான் இயற்பியல் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், ரெண்டு பேரு ஒரே எடத்துல நின்னு எடுத்தா ஒரே போட்டோதான சார் வரும்?" இல்லை என்றேன். உதாரணத்துக்கு, ஒரே பந்தியில் சாப்பிட்ட இருவரைக் கேளுங்கள். ஒருவர் பாயசத்தைப் பற்றிப் பேசுவார். மற்றவர் உப்பில்லாத சாம்பாரைப் பற்றி.

என் பெயர் தேவசகாயம். ஓய்வுக்குப் பின் இங்கே வந்து, பனிச்சுரங்கப் போரைப் படமெடுக்கிறேன். நிலையத்தில் நான் மட்டும். பூமிக்குப் படம் அனுப்ப மிஞ்சிய ஒரே கருவி இங்கேதான். குண்டுவீச்சில் சூரியத் தகடுகள் உடைந்துவிட்டன. மின்கலத்தில் இருப்பதுதான் இருப்பு. காற்று சரி. வெப்பமூட்டி சரி.

பதிவு 2 | 10:25 | 49%

தானியங்கி வண்டி ஜெமீலாவின் கேமரா நினைவு அட்டையைக் கொண்டுவந்தது. பள்ளக் குடியிருப்பின் படக்காரர் அவர். மூன்று நாள் முன்பு பதினொரு சுரங்கத் தொழிலாளர்கள் சரணடைந்தபோது இருவரும் ஒரே பாறையில் நின்றோம். நான் சூரியனுக்கு எதிரே எடுத்தேன்: கைதூக்கிய பதினொரு கரிய உருவங்கள். அழகான படம். அவரோ இறங்கிப்போய், ஒவ்வொருவரையும் தலைக்கவசத்தின் வெயில் திரையை மட்டும் உயர்த்தச் சொல்லி, பெயரெழுதிய பலகையை மார்பில் பிடிக்கவைத்து எடுத்தார். தேர்வு நுழைவுச்சீட்டுப் படம் மாதிரி.

அன்று படமெடுப்பதைத் தடுக்காத எதிர்த்தரப்பு, இன்று யாரையுமே பிடிக்கவில்லை என்கிறது. உயிரோடு பிடிபட்டதற்குச் சாட்சி உள்ளவர்களைத்தான் பூமியிலுள்ள கைதிகள் ஆணையம் மீட்கும். பட்டியல் 18:00 மணிக்கு மூடப்படும்.

ஆணையத்தின் செய்தி: "ஜெமீலாவின் படங்களை உடனே அனுப்பவும்." என் படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பதிவு 3 | 13:40 | 44%

ஜெமீலா, வானொலியில்: "ஸார், கார்டு வந்துச்சா? உங்க படம் பார்த்தேன், காலண்டர்ல போடலாம் ஸார்! என்னோடத மொதல்ல அனுப்புங்க. இங்க சனம் என் தலையத் தின்னுது."

பின்னால் இன்னொரு குரல். முத்துப்பேச்சி என்றார்: "எங்க வீட்டுக்காரவுக உச்சிமாகாளி. ஒம்பதாவதா நிக்காகளாம். மொகம் தெளிவா இருக்கா சார்?"

பார்த்தேன். தாடையின் மச்சம்கூடத் தெரிகிறது. சொன்னேன். அழுதார்.

காலண்டர். முதல் மதிப்பெண் வாங்குபவனுக்கு இரண்டாமவன் பெயர்கூடத் தெரியாது. இரண்டாமவனுக்கு முதல்வனின் பேனா நிறம் வரை தெரியும். ஜெமீலாவின் கேமரா, என்னுடையதில் பாதி விலை.

பதிவு 4 | 15:05 | 41%

படங்களை வாங்கும் துணைக்கோள் இப்போதுதான் மேலே வந்தது. கணக்கு: அவருடைய படங்கள் ஒன்றுக்கு 3 வீதம் 33. என்னுடையது, சுருக்காமல், 6. மிச்சம் 2. போதும்.

என் படத்தை முதலில் வைத்தேன். காரணம்: பாடத்தில் முழுமையைக் காட்டிவிட்டுத்தான் பகுதிக்குப் போக வேண்டும்.

பொய். ஆணையம் அதைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பதிவு 5 | 16:50 | 19%

என் படம் 14 தின்றது. குளிரில் மின்கலம் சீக்கிரம் தளரும். ஊட்டிக் குளிரில் டார்ச் மங்குவதை உதாரணம் காட்டி எத்தனை முறை நடத்தியிருப்பேன். அவருடையது இரண்டுதான் போயிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 4. இன்னும் ஒன்பது.

வெப்பமூட்டியை அணைத்தேன். என் உடையின் மின்கலத்தையும் கழற்றி இணைத்தேன்.

பதிவு 6 | 17:31 | 6%

ஆணையம்: "முதல் படத்தில் முகங்கள் இல்லை. பயன்படாது."

ஏழு போய்விட்டன. மூச்சு கண்ணாடியில் உறைகிறது.

ஜெமீலா: "ஏன் ஸார் நின்னு நின்னு போவுது? மொதல்ல எத அனுப்புனீங்க?"

எட்டாவதைத் தொடங்கினேன்.

முத்துப்பேச்சி: "ஒம்பது போயிருச்சா சார்?"

பதிவு 7 | 17:57 | 0.4%

எட்டு முழுதாகப் போனது. ஒன்பது மேலிருந்து வரிவரியாக. தலைக்கவசம். நெற்றி. புருவம்.

நின்றுவிட்டது.

கண் போகவில்லை. மச்சம் போகவில்லை. பெயர்ப்பலகை மார்பில் இருக்கிறது.

ஆணையம்: "ஒன்பது யார்? பெயர் சொல்லுங்கள்." குரல் கேட்கிறது, என் குரல் போகவில்லை. விரல் மரத்து

ஜெமீலாவின் படங்கள் நல்ல படங்கள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இதைக் கண்டெடுப்பவரே, அட்டை கருவியிலேயே இருக்கிறது. உங்கள் மின்கலத்தை மாட்டி, ஒன்பதாம் படத்தை முதல் வரியிலிருந்தும், பிறகு பத்தையும் பதினொன்றையும் அனுப்பிப் பாருங்கள்.