கோட்டையைக் கொடுத்தவள்

ஜூன் 4
என் கணவர் பஹீம் மௌத்தாகி இரண்டு மாதம். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனிதர். கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா, நாலு மாதமும் பத்து நாளும், முடியும்வரை நான் வீட்டோடுதான்.

இன்று அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை இறக்கினேன். பதினாறு வயதில் பைத்தியமாக வாசித்த சரித்திர நாவல், மூன்று பாகங்களும் அப்படியே இருக்கின்றன. கல்யாணத்தோடு அக்குறணைக்குக் கொண்டு வந்தவை. முதல் பக்கத்திலேயே குதிரை பாய்கிறது. நானும்தான்.

ஜூன் 6
பஹீமின் உம்மா பார்த்துவிட்டார்.

“இத்தாவில ஈக்கிற பொம்புள கதப் பொஸ்தகமா வாசிக்கிற?”

“குர்ஆன் ஓதி முடிச்சிட்டுத்தான் மாமி இது.”

“ஆக்கள் என்ன செல்லுவாங்க?”

“ஆக்கள் வாசிக்கத் தேவல்ல. நான்தானே வாசிக்கிற.”

புத்தகத்தை மூடவில்லை.

ஜூன் 11
அந்த வயதில் போர் அத்தியாயங்களைத் தாண்டித் தாண்டிக் காதலைத் தேடி ஓடுவேன். இப்போது தலைகீழ். நிலவில் இளவரசன் பேசப் பேசக் கொட்டாவி வருகிறது. முற்றுகைக்குள் இளவரசி நெல்லை அளந்து கொடுக்கிறாள், கிணற்றுக்குக் காவல் போடுகிறாள் — அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இதெல்லாம் அன்றைக்கும் இருந்ததா?

ஜூன் 15
பஹீமின் தம்பி அஸீம் வந்தார். நான் இத்தாவில் இருப்பதால் கதவுக்கு வெளியே நின்றுதான் பேசினார். பஹீமும் அவரும் சேர்ந்து நடத்திய புடவைக் கடையில் என் பெயரிலுள்ள பாதியைத் தன் பெயருக்கு மாற்றித் தர வேண்டுமாம்.

“நீங்க கஷ்டப்படத் தேவல்ல மதினி. வீட்டுக்கு வேண்டியத நான் மாசாமாசம் அனுப்புறேன்.”

எந்தப் பெருநாளைக்கு எந்தத் துணி ஓடும் என்று இத்தனை வருஷமும் பஹீமுக்குச் சொன்னது யார்? கேட்கவில்லை. “யோசிச்சுச் செல்றேன்” என்றேன். சே!

ஜூன் 16
புத்தகத்தில் ஒரு பக்கமும் ஓடவில்லை.

ஜூன் 23
மூன்றாம் பாகம் முடிந்தது. முற்றுகை உடைந்த பிறகு இளவரசியின் சித்தப்பா ஊர்வலமாக வருகிறார். இளவரசி கோட்டையை அவரிடம் புன்னகையோடு ஒப்படைத்துவிட்டு அந்தப்புரத்துக்குள் போகிறாள். என்ன பெருந்தன்மை என்று அன்று தலையணை நனைய அழுதேன்.

இன்று — ஏன்டி குடுத்தாய்? காப்பாத்தினது நீ இல்லையா? சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல. மாமி ஓடி வந்தார்.

“யாரோட சண்ட?”

கதையைச் சொன்னேன். முழுவதும் நின்றபடியே கேட்டார்.

“கோட்ட வேணுமா வேணாமாண்டு அவக்கிட்ட ஆரும் கேட்டாங்களா?”

“இல்ல மாமி.”

அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டார்.

கதை வேறு, கடை வேறு. எனக்குத் தெரியாதா? ஆனாலும் இந்தப் புத்தகத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். அன்று அழுததற்கு வெட்கப்படவும் மாட்டேன். முடிவு மட்டும் எனக்கு வேண்டாம்.

ஜூலை 2
அஸீம் பெயர் மாற்றும் கடதாசிகளோடு வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன்:

“தம்பி, நான் ஒப்பம் வெக்க மாட்டேன். இத்தா முடிஞ்சதும் கடைக்கு வாறேன்.”

“பொம்புள கடையில நிண்டா நல்லாவா ஈக்கும் மதினி?”

“நம்மட கடைக்கு வாறதே பொம்புளயள்தானே.”

அவர் தன் உம்மாவிடம் முறையிட்டார். மாமியின் குரல் கேட்டது: “அவட பங்கு. அவ செல்லுறதுதான்.”



ஓகஸ்ட் 27
கடைக்குப் போகத் தொடங்கி ஒரு கிழமை. அஸீம் இதுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்னேரம் கெலிஓயாவிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து, விரித்த துணிகளில் எதை எடுப்பதென்று தெரியாமல் நின்றார்கள். அஸீம் அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மதினி, இதுல எத எடுக்கச் செல்லுவம்?”

ஒவ்வொரு துணியையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அவசரப்படாமல் ஆறுதலாகப் பார்த்தேன்.