மூன்று பேர் என்று எழுதிய கல்

1921 மார்ச் 3
இன்றும் காய்ச்சல். பஸ்ராச் சண்டையிலிருந்து நான் கொண்டுவந்த சம்பாத்தியம் இது ஒன்றுதான். மிளகு பறிக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

மார்ச் 6
கண்ணாயி அத்தை வந்தாள். சண்டையில் செத்தவர்களுக்கு மலையடிவாரத்தில், சேந்தமங்கலத்தில், சர்க்கார் கல் வைத்திருக்கிறதாம். எழுத்துத் தெரிந்தவன் நான், கூட வந்து படித்துச் சொல்ல வேண்டுமாம். அவள் மகன் செல்லமுத்து பட்டாளத்துக்குப் போய் நாலு வருஷம். அவன் பெண்டாட்டி பாவாயிக்கு இருபது வயது. அவன் இல்லை என்று உறுதியானால் எங்கள் வழக்கப்படி அவளை வேறு இடத்தில் கட்டிக் கொடுக்கலாம்.

எனக்குத் தெரியுமே. பஸ்ராவில் வாந்திபேதியில் போனான். நான்தான் புதைத்தேன். ஊர் திரும்பிய அன்று அத்தை கேட்டபோது, அவன் வேறு முகாமுக்குப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டேன். பட்டாளத்துக்கு அவனை இழுத்துப் போனவனே நான். எந்த வாயால் சொல்வது?

மார்ச் 9
மலை இறங்கினோம். முழங்கால் விட்டுப்போயிற்று. சர்க்கார் கச்சேரிச் சுவரில் கல்லைப் பதித்திருக்கிறார்கள். பேர் ஒன்றும் இல்லை. இந்த ஊரிலிருந்து போனவர்கள் இத்தனை பேர், மாண்டவர்கள் மூன்று பேர் — அவ்வளவே. அத்தை அதற்கு மஞ்சள் பூசி, களி உருண்டை வைத்துக் கும்பிட்டாள். பிறகு கடைவீதியில் விசாரித்தாள். சாவு விழுந்த மூன்று வீடும் சேந்தமங்கலத்திலேயே.

"எம்பையன் அந்த மூணுல இல்லை கண்ணு. உசுரோட இருக்கான்" என்றாள்.

எப்படி இருப்பான் அந்த மூன்றில்? மலைக்காரன் என்றால் பட்டாளத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று நினைத்து, ஊர் ராசிபுரம் என்று சொல்லச் சொன்னவன் நான். சாவுக் கடிதம் வந்திருந்தாலும் அங்கே யாரிடம் போயிருக்கும்?

மார்ச் 10
அத்தை வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சீ.

மார்ச் 14
பாவாயியைப் பெண் கேட்டு வந்தவர்களை அத்தை திருப்பி அனுப்பிவிட்டாளாம். மகன் வந்துவிடுவான் என்றாளாம். ஊற்றுக்குப் போன இடத்தில் பாவாயி குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். "நெசமா இருக்காருங்களா அண்ணா?" என்றாள். குடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போதும்டா அர்த்தனாரி. இவளையும் புதைக்கப் போகிறாயா?

மார்ச் 15
சொல்லிவிட்டேன். ராசிபுரம் உட்பட எல்லாம். அத்தை வையவில்லை. அழுகை வரவே நேரமாயிற்று. அழுது ஓய்ந்தபின் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மண்ணு போட்டது ஆரு?"

"நானுங்க அத்தை."

"அப்ப மொட்டையும் நீதான் போடோணும்."

மார்ச் 18
காரியம் முடிந்தது. செல்லமுத்துவுக்கு மகன் இருந்து செய்யவேண்டிய இடத்தில் என்னை உட்காரவைத்துத் தலையை மழித்தார்கள். பாவாயி தாலியைக் கழற்றினாள். பந்தியில் எனக்குச் சோறு போட்டது அத்தைதான். மன்னித்துவிட்டாளா? கேட்கத் தைரியமில்லை. போட்டதைச் சாப்பிட்டேன்.