மேலக்காத்துல எறங்குனோம்

கன்னிவாடி
ஆடி, ஞாயித்துக்கெழம

அன்பு மக சௌம்யாவுக்கு அம்மா எழுதுறது. பழனியாண்டவர் புண்ணியத்துல நானும் அப்பாவும் கையுங்காலும் முழுசா இருக்கோம், மெல்போர்ன் குளுருல நீயும் மாப்பிள்ளையும் மேலுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும். கையுங்காலும்னு ஏன் எழுதுறேன்னு படிச்சா தெரியும், பதறாத. போன்ல சொன்னா பாதியிலயே அழுதுருவ, அதான் காயிதம். இங்க காத்து பேய்க்காத்து, முருங்கப்பூ பூராம் உதிந்து கெடக்கு.

அப்பா கொட்டகையில தன் கையால கட்டுன அந்த ரெண்டு சீட்டு விமானத்த எப்படியாச்சும் நிறுத்தச் சொல்லும்மான்னு நீ கேட்டுக்கிட்டே இருந்தியே, நானும் ஒரு தடவ அவரு கூட ஏறிட்டு, எறங்குனதும் இதோட போதும்ங்கன்னு சொல்லிரணும்னுதான் வியாழக்கெழம வெள்ளனே ஏறுனேன். முருகானந்தம் அண்ணன் தரிசுல போட்ட மண் ஓடுதளம், அவரும் அக்கம்பக்கத்துக்காரங்களும் வேடிக்க பாக்க வந்திருந்தாங்க. தரைய விட்டதும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். கொஞ்ச நேரங்கழிச்சு, சுந்தரி, கண்ணத் தொறந்து பாருன்னாரு. தாயி, என்னத்தச் சொல்ல. நம்ம தோட்டம் துணி காயப்போட்ட மாதிரி கெடக்கு. செண்பகனூர் பக்கம் மேகம் மலை மேல படுத்துத் தூங்குது. அதோட ஓரத்துல நம்ம நெழலு, குருவி அளவுல, கூடவே வருது. பழனி மலை எட்டத்துல என் உள்ளங்கைக்குள்ள அடங்கிருச்சு, வண்டிக்குள்ளயே கும்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போவோம்ங்கன்னு கேட்டது நான்தான், அப்பா இல்ல.

திரும்பி வர்றப்ப கணவாய்ல மேலக்காத்து எறங்கிருச்சு. நம்ம ஓடுதளம் தெக்குவடக்கா கெடக்கு, காத்து குறுக்க அடிக்குது. வண்டி மூக்க காத்துப் பக்கமாத் திருப்பி, நண்டு போற மாதிரி சாஞ்சு சாஞ்சு அப்பா எறக்குனாரு. தரைக்கு மேல வந்ததும் மூக்க நேராக்கணுமாம், அவரு கொஞ்சம் முந்திட்டாரு. காத்து அப்படியே எங்கள ஒதுக்கித் தள்ளிருச்சு, தென்னமட்ட என் சன்னலுக்கு நேரா வருது. முருகான்னு கத்திட்டேன். அப்பா எஞ்சின முறுக்கி மேல ஏத்திட்டாரு. ரெண்டாவது தடவையும் ஆகல. அவரு மூஞ்சியெல்லாம் வேர்வை, கீழ அத்தன பேரு நிக்கிறாங்களேன்னு முணுமுணுத்தாரு. எனக்கு அப்ப எங்கருந்து தெம்பு வந்துச்சோ தெரியல. நிக்கட்டும்ங்க, அவங்களுக்கு வேற சோலி இல்ல, பெட்ரோல் இருக்குல்ல, ஆகலன்னா இன்னொரு தடவ மேல போவோம்னு சொன்னேன். அவரு திரும்பி என்னப் பாத்தாரு, வண்டிய ஓட்டுற கம்பிய இறுக்கிப் பிடிச்சிருந்த கை தளந்துச்சு.

சுத்தி வந்தோம். காத்து ஒரே மாதிரி அடிக்கல, அலை மாதிரி வந்துவந்து அடங்குது, காத்து போற பக்கம் தெரிய கம்பத்துல கட்டுன காத்துப்பைய பாத்துக்கிட்டே வந்தாரு. இந்தத் தடவ கடைசி வரைக்கும் மூக்க திருப்பியே வச்சிருந்து, தரை எட்டிப்பிடிக்கிற அளவுல வந்ததும் ஒரு காலால மெதுவா மிதிச்சு நேராக்கி, காத்தடிக்கிற பக்கத்து ரெக்கைய சொட்டுத் தாழ்த்துனாரு. அந்தப் பக்கத்துச் சக்கரம் மட்டும் மொதல்ல மண்ணத் தொட்டுச்சு. ஒத்தச் சக்கரத்துல ஓடுறோம், எனக்குப் பயமே இல்ல தாயி, ஊஞ்சல்ல சாஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் இன்னொண்ணும் உக்காந்துச்சு.

எஞ்சின நிறுத்திட்டு ரெண்டு பேரும் எறங்காம உக்காந்திருந்தோம். பயந்துட்டேன் சுந்தரி, நீ சொல்லாட்டி வெக்கத்துல எப்படியாச்சும் எறக்கப் பாத்திருப்பேன், தென்னையில போயி சொருகியிருப்பேன்னாரு. உங்கப்பா வாயில பயம்ங்கிற சொல்ல கல்யாணமான இத்தன வருஷத்துல இப்பத்தான் கேக்குறேன். இனிமே ஆடி முடியிற வரைக்கும் எடுக்கிறதில்ல, அப்புறம் எடுத்தாலும் வெயில் ஏறுறதுக்குள்ள எறங்கிரணும்னு நானே சட்டம் போட்டுட்டேன், சரின்னுட்டாரு. நீ போன்ல அவரத் திட்டாத.

வேளாவேளைக்குச் சாப்புடு, காதுக்குத் துணி கட்டாம வெளிய போகாத. மாப்பிள்ளைய விசாரிச்சதாச் சொல்லு. முருகன் உங்க ரெண்டு பேருக்கும் தொணையா இருப்பான். ஒண்ணு மறந்துட்டேன், நிறுத்தச் சொல்லணும்னு ஏறுனேன்ல, அத நான் சொல்லவே இல்ல. ஆவணி பொறந்ததும் செண்பகனூர் மேகத்துக்கிட்ட மறுபடியும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு, நானும் வர்றேன்னுட்டேன்.

இப்படிக்கு
ஆசையுள்ள அம்மா
சண்முகசுந்தரி பொன்னுவேல்