பாதி மாத்திரை

நவம்பர் 18, செவ்வாய்

மருந்து இனிக் கேட்காது என்று டாக்டர் சொன்னபோது செல்வி அழவில்லை. அவளுக்கு இது எட்டாம் மாதம். குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க அந்த மாத்திரையைத்தான் நம்பியிருந்தோம்.

என் ஆலோசனை அறைக்கு வந்ததும் சொன்னாள்: “பாதி எங்கூட்டுக்காரருக்குத் தந்தேனுங்க்கா, அவருக்கும் இதே நோவுதானுங்க. யாராச்சும் பாத்துப்போடுவாங்கன்னு அவரு ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கறாரு. அவர உட்டுப்போட்டு நான் மட்டும் எப்படீங்க முழுங்கறது?”

அரை மருந்தில் கிருமி சாகவில்லை, பழகிக்கொண்டுவிட்டது.

புது மருந்து கொடுத்திருக்கிறோம். பிரசவத்துக்குள் அது வேலை செய்யுமா என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

“இதை உடைக்கவே கூடாது. அவரைக் கூட்டிட்டு வா, அவருக்கும் தருவாங்க” என்றேன்.

“அவரு வரமாட்டாருங்க. அப்ப அவரு சாகட்டுங்களா?”

செல்வி ஏறிய பஸ் இந்நேரம் வால்பாறை போயிருக்கும். தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் அவன் தன் பாதிக்காகக் காத்திருப்பான்.