மணி அடிக்காத வாதம்

பிப்ரவரி 3, செவ்வாய்

வாய்மொழித் தேர்வு இருபத்தேழாம் தேதி என்று பலகையில் ஒட்டிவிட்டார்கள். மாதிரி நீதிமன்றம். இரண்டு பேர் ஓர் அணி, ஆளுக்கு ஏழு நிமிடம், மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். இதில் தேறாவிட்டால் சட்டப் படிப்பில் அடுத்த ஆண்டுக்குப் போக முடியாது.

எனக்குத் திக்குவாய். இதுவரை எழுத்துத் தேர்விலேயே வண்டியை ஓட்டிவிட்டேன்.

எனக்கு ஜோடி யார் தெரியுமா? ரேடியோ! வகுப்பில் யார் நிறுத்தினாலும் நிற்காமல் பேசுகிறவள் என்பதால் அந்தப் பெயர். ஜோடி சேர்த்தவருக்கு நல்ல ரசனை.

பிப்ரவரி 6, வெள்ளி

ஒத்திகை. எங்கள் கட்சிக்காரர் கிரேன் ஓட்டுகிறவர். மேலிருந்து சுமை விழுந்து கீழே நின்றவன் செத்துப்போனான். இருவருக்கும் முதல் நாள் சண்டை என்பதால் கொலை வழக்கு. ‘கொலை அல்ல, கவனக்குறைவு’ என்பதுதான் எங்கள் மொத்த வாதமும். எல்லாம் ககரம். அந்த எழுத்து வந்தாலே எனக்குத் தொண்டை பூட்டிக்கொள்ளும். வழக்கம்போல வேறு சொல்லுக்குத் தாவி, “அவர் செய்தது தவறுதான்” என்று சொல்லிவிட்டேன்.

ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஏய், நம்ம ஆளு தப்பு பண்ணினான்னு நாமளே ஒத்துக்கிட்டா எதிரணிக்கு என்ன வேலை?”

கடையிலும் இதே கதைதானே. சொல் வராமல் நிற்பேன், கடைக்காரர் தானாக ஒன்றைச் சொல்வார், தலையாட்டிவிட்டு வேண்டாத பொருளோடு வீட்டுக்கு வருவேன். அக்கா அதையெல்லாம் ஓர் அலமாரியில் சேர்த்து வைத்துக் கிண்டல் செய்கிறாள். ஆனால் நாளைக்கு நிஜ நீதிமன்றத்தில் இப்படித் தலையாட்டினால்? ஒருவன் உள்ளே போய்விடுவான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

‘உயர்கல்வி அனைவருக்கும்’ என்று கருத்தரங்கு. பேச்சாளர் பன்முகத்தன்மை, பன்முகத்தன்மை என்று தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். பொறாமையாக இருந்தது. உருப்படியாகத் தெரிந்துகொண்டது ஒன்று. எங்கள் கல்லூரியிலேயே சமவாய்ப்பு அலுவலகம் இருக்கிறதாம். படிப்புக்குத் தடையாக இருப்பதை மாற்றித் தரும்படி அங்கே கேட்கலாமாம். முன்பதிவு தொலைபேசியில் மட்டும்.

தொலைபேசியில் மட்டும்! எந்தப் புண்ணியவான் யோசித்தது?

பிப்ரவரி 11, புதன்

அழைத்தேன். “ஹலோ... ஹலோ... லைன் சரியில்ல போல” என்று வைத்துவிட்டார்கள். மறுபடி அழைத்தேன். மறுபடியும் லைன் சரியில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

எனக்காக அக்கா பேசினாள். சம்பந்தப்பட்ட மாணவிதான் பேச வேண்டுமாம். “அவளால பேச முடிஞ்சா நான் ஏங்க பேசறேன்?” என்று கத்திவிட்டு வைத்தாள். இருவரும் சிரித்தோம். பிறகு நான் மட்டும் அழுதேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பேசாமல் விட்டுவிடலாமா? கேட்டால், பேச வராதவள் என்று என் நெற்றியில் நானே ஒட்டிக்கொண்ட மாதிரி. பேச வராதவளுக்கு எதற்கு வக்கீல் படிப்பு என்று எவனாவது கேட்பான். கேட்காவிட்டாலோ — அந்த மணி.

பிப்ரவரி 16, திங்கள்

நேரிலேயே போய்விட்டேன். அலுவலகத்து அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அந்தத் தொலைபேசிக் கதையைச் சொன்னபோது அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. “அத மொதல்ல மாத்தணும்” என்றார். பிறகு, “மணிய எடுத்துடலாம்மா. அதே வழக்கு, அதே கேள்வி, அதே மார்க். வேற ஒண்ணும் மாறாது” என்றார்.

ரேடியோவிடம் சொன்னேன். “எனக்கும்தான் பயத்துல நாக்கு ஒட்டிக்குது. அப்ப எனக்கும் மணி வேணாமே?” குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். பதில் வீட்டுக்கு வந்தபின்தான் கிடைத்தது. ஏழு நிமிடம் கொடுத்தால் அவள் ஏழு நிமிடமும் பேசுவாள். நான் பாதியை வாயைத் திறந்துகொண்டு நிற்பதிலேயே கழிப்பேன். ஒரே மணிதான், ஆனால் ஒரே நேரம் இல்லை. இப்படி எழுதும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. சலுகை வாங்கித் தப்பிக்கிறேனோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

பயமா இருக்கு. சாப்பாடு இறங்கல. வேற என்னத்த எழுத?

பிப்ரவரி 27, வெள்ளி

முடிந்தது. எப்படி என்று எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

என் முறை வந்தபோது மேசையில் மணி இல்லை. எதிரணிப் பையன்கள் இருவரும் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பம் பரவாயில்லை. “மாண்புமிகு நீதிபதி அவர்களே, இவர் செய்தது க... க...” அவ்வளவுதான், பூட்டிக்கொண்டது. நீதிபதியாக உட்கார்ந்திருந்த பேராசிரியருக்கு என் பாடு பொறுக்கவில்லை. பாவம், நல்ல மனிதர். முன்னால் சாய்ந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

“கொலையா?”

என் தலை ஆட ஆரம்பித்துவிட்டது! பிறந்ததிலிருந்து பழகிய தலை. தலையாட்டினால் எல்லாம் முடிந்துவிடும், உட்கார்ந்துவிடலாம். பக்கத்தில் ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை” என்றேன். அந்தச் சொல் வந்துவிட்டது. அடுத்தது வரவில்லை. முகம் கோணியிருக்கும், கண்ணில் நீர் வந்தது, எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது.

“கவனக்குறைவு.”

பேராசிரியர் எழுதிக்கொண்டார். நான் மேலே பேசினேன்.

மார்ச் 6, வெள்ளி

தேறிவிட்டோம். ரேடியோ என்னைக் கட்டிக்கொண்டு, சாதனை படைத்தாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மார்ச் 9, திங்கள்

எதிரணி புகார் கொடுத்திருக்கிறது. எனக்கு மட்டும் மணி அடிக்காதது அநியாயம் என்று. ஒரு குழு போட்டிருக்கிறார்கள். நான் விளக்கம் தர வேண்டும். குழு அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் என் தேர்வு ரத்து. இதுக்கு ஒரு முடிவே கிடையாதா?

மார்ச் 11, புதன்

அலுவலகத்து அம்மா கூப்பிட்டு அனுப்பினார். “நீ நேர்ல வரணும்னு இல்லம்மா. எழுதிக் குடுத்தாப் போதும், விதியில இடம் இருக்கு” என்றார். எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே பக்கத்தில் அவர்கள் வாயை அடைத்துவிடுவேன்.

நேரில் வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எவ்வளவு நேரம் ஒதுக்கட்டும் என்று கேட்டார். தெரியாது என்றேன்.