ஏரிக்கரை ஓட்டலில் வேலம்மா

ஏரி ஓட்டல்,
12.11.1983

அன்புள்ள மணியம்மாவுக்கு,

வேலம்மா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். தலைதான் இன்னும் ஏரோப்பிளேனிலேயே சுற்றுகிறது.

இந்தப் பாலைவனப் பட்டணத்தில் ஏரிக்கரையோரம் ஒரு பழைய ஓட்டல். என் மகன் தங்கராஜுவுக்கு அவனுடைய கம்பெனி இங்கேதான் இடம் கொடுத்திருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய துரைமார்கள் தங்கிய இடமாம். ஊருக்குள் புது ஓட்டல்கள் வந்ததும் கூட்டம் குறைந்துவிட்டது. லிப்ட் முனகிக்கொண்டே ஏறுகிறது. குழாயில் முதலில் துருத் தண்ணீர்தான் வரும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஏரி, அதைத் தாண்டினால் வெறும் மணல். நம் மலை நினைப்பில், சாயங்காலமானால் பனி வந்துவிடும் என்று நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறேன். மருமகள் நீலாவதி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

நேற்று ஒரு கூத்து. கரையில் இடுப்பளவுக்கு வேலிச்செடி, மட்டமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பேச்சுவாக்கில் கிள்ளிக்கொண்டே நடந்திருக்கிறேன். குனிந்து பார்த்தால் முந்தானை நிறையக் கொழுந்து! தோட்டக்காரன் அவன் பாஷையில் கத்திக்கொண்டு ஓடிவந்தான். பாவம், தங்கராஜுதான் மன்னிப்புக் கேட்டான்.

பொங்கலுக்கு வந்துவிடுவேன். தானா ராத்தா டவுனில் நாம் சேர்ந்திருக்கப் பார்த்த வீட்டை விட்டுவிடாதே.

உன்
வேலம்மா


கேமரன் மலை,
4.12.1983

அடி வேலம்மா,

படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். எந்தச் செடியையும் விடமாட்டாயா நீ? நாம் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறித்ததெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. உன் நிரை முடிந்தாலும் நீ கூடையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டாய். என் நிரையின் மறுமுனைக்குப் போய் எனக்காகக் கிள்ளிக்கொண்டே வருவாய். நடுவில் முகம் பார்த்துக்கொள்வோம்.

தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி வந்திருந்தார். "வேலையிலேர்ந்து நின்னவங்க பொங்கலுக்கு அப்புறம் லயத்து வீட்டக் காலி பண்ணணும், மேனேஜர் சொல்லிட்டாரு" என்றார். தானா ராத்தா வீட்டுக்காரர் சாம்பசிவத்திடம் நாம் இரண்டு பேரும் வருவதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கத்து அறை உனக்கு.

பிள்ளை குட்டி இல்லாதவள் நான். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. உன்னைத் தவிர யாரிடம் இதைச் சொல்ல?

மணியம்மா


ஏரி ஓட்டல்,
2.1.1984

அன்புள்ள மணியம்மாவுக்கு,

நான் வரவில்லை. நீலாவதி உண்டாகியிருக்கிறாள், அதனால் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். அது உண்மைதான். ஆனால் உன்னிடம் அதோடு நிறுத்த முடியவில்லை. எனக்கு இங்கே பிடித்திருக்கிறது.

காலையில் ஏரியைப் பார்த்து உட்கார்ந்தால் ஒருவன் தட்டில் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறான். என்னை மேடம் என்கிறான். மட்டத் தூள்தான், நம் மலைத் தேயிலையின் கால்தூசி பெறாது. ஆனாலும் இத்தனை காலம் இலை பறித்தோமே, ஒருவர் கையால் வாங்கி உட்கார்ந்து குடித்திருக்கிறோமா? இங்கே அட்டைக்கடி இல்லை. முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது, மணி. திட்டு. திட்டியாவது பதில் போடு.

வேலம்மா


தானா ராத்தா,
5.2.1984

வேலம்மாவுக்கு,

திட்டமாட்டேன். வேறு வழியில்லாமல் இருக்கிறேன் என்று எழுதியிருந்தால் உனக்காகக் காளியம்மனிடம் வேண்டிக்கொண்டிருப்பேன். பிடித்திருக்கிறது என்று எழுதிவிட்டாய். அதுதான் சுட்டது. உன் கடுதாசியை அடுப்பில் போடக்கூடப் பார்த்தேன். பிறகு யோசித்தேன். என்னையும் ஒருவர் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தால் நான் எழுந்து வந்திருப்பேனா? தெரியவில்லை.

நீலாவதியைக் கனமான வாளி தூக்க விடாதே. குழந்தை பிறந்ததும் எழுது. அதுவரை எழுதாதே, எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

லயத்தைக் காலி செய்து போன வாரம் இந்த வீட்டுக்கு வந்தேன். சாம்பசிவம் சாவியை எடுத்துக்கொண்டே, "ரெண்டு பேருன்னு சொன்னீங்களே, இன்னொரு அக்கா எங்க?" என்று கேட்டார். பின்னால் வருகிறாள் என்றுதான் வாயில் வந்தது.

"நான் ஒருத்திதாங்க" என்றேன்.

மணியம்மா