ஒட்டன்சத்திரத்துக்குக் கிழக்கு, திண்டுக்கல்லுக்கு மேற்கு

என் அருமைத் தங்கை செலினுக்கு,

கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. உன் கல்லறையில் இன்னும் கல் பதிக்கவில்லை. கல் தயாராக இருக்கிறது. அதில் வெட்ட வேண்டிய வாசகத்தில் ஒன்றை மட்டும் நான் இன்னும் தரவில்லை: நீ பிறந்த ஊர்.

கல் வெட்டுபவர் இதுவரை பொறுமையாகத்தான் இருந்தார். நேற்று நான் போனதும் உளியைக் கீழே வைத்துவிட்டார். "வக்கீல் சார், ஒரு ஊர் பேரச் சொல்றதுக்கு இம்புட்டு வாய்தாவா? மனுசங்க ரெண்டு ஊர்லயா பொறப்பாங்க? சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதச் சொல்லுங்க, வெட்டிடுறேன்."

சான்றிதழில் திண்டுக்கல் என்றுதான் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் சிவில் வழக்கு நடத்தியவனுக்கு அது போதுமானதாக இருக்க வேண்டும். ஆனால் நீ ஒப்புக்கொள்ள மாட்டாய். "பதிஞ்ச ஊரும் பொறந்த ஊரும் ஒண்ணாண்ணே?" என்று கேட்டு என் வாயை எத்தனை முறை அடைத்திருக்கிறாய்?

ஒட்டன்சத்திரத்தில் அம்மாவுக்கு வலி கண்டது. மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் ஏற்றிக்கொண்டு, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். நீ ஆஸ்பத்திரிவரை காத்திருக்கவில்லை. அதன்பின் உன் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அந்த வழக்கு விசாரணைக்கு வரும்.

"ரெட்டியார்சத்திரம் வர்றதுக்கு முந்தியே பொறந்துட்டா. வலிச்சது எனக்கா, ஒங்களுக்கா?" என்பார் அம்மா.

"கண்ண இறுக்கி மூடிக்கிட்டு இருந்தவ ஊரப் பாத்தாளாக்கும். ரெட்டியார்சத்திரம் தாண்டியாச்சு," என்பார் அப்பா.

இருவரும் போய்விட்டார்கள். லாரி ஓட்டியவரும் இல்லை. அந்த வண்டியில் இருந்தவர்களில் இன்று உயிரோடிருப்பவன் நான் மட்டுமே. காலிக் கூடைகளுக்கு நடுவே நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட சாட்சியை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

எங்கே பிறந்தோம் என்று தெரியாத நீ, பல்சர்கள் எங்கே பிறந்தன என்று தேடுவதையே உன் வேலையாக்கிக்கொண்டாய். பெரிய விண்மீன் ஒன்று வெடித்துச் சாகும்போது மிஞ்சும் கருதான் பல்சர் என்றும், ரேடியோ அலைகளால் துடித்துக்கொண்டே இருக்கும் என்றும் எனக்குச் சொன்னாய். வெடித்த வேகம் அதைப் பிறந்த இடத்திலிருந்து தூக்கி எறிந்துவிடுவதால், இன்று அது தெரியும் இடம் அதன் ஊர் அல்ல. அசையாமல் தெரியும் தொலைதூர விண்மீன் மண்டலங்களை அடையாளக் கல்லாக வைத்து, அது வானத்தில் நகர்வதை ஆண்டுக்கணக்கில் அளந்தாய். பூமி சூரியனைச் சுற்றுவதால் அது லேசாக ஆடுவதுபோல் தோன்றும் அளவிலிருந்து தூரத்தைக் கண்டாய். தூரம் தெரிந்தால் வேகம் தெரியும். வேகம் தெரிந்தால் வந்த வழியே பின்னோக்கிப் போகலாம்.

"அப்படியானால் செக்குபந்தி சொல்," என்றேன். பத்திரத்தில் நிலத்தின் நான்கு எல்லைகளையும் எழுதுவோமே, அதைத்தான் கேட்டேன்.

நீ சிரித்தாய். "அங்கதாண்ணே மாட்டிக்கிறேன். நம்ம பழனி ரோட்ல நின்னு பாரு. குறுக்க போற லாரி லைட்டு நகர்றது தெரியும். நேரா வர்றது, நேரா போறது? செத்த நேரத்துக்கு நிக்கிற மாதிரியே இருக்கும். பல்சரும் அப்படித்தான். குறுக்க போறத அளந்துருவேன். நேரா வருதா, போகுதா, அத அளக்க வழியில்ல. அதனால ஒரே ஊரச் சொல்ல மாட்டேன். இங்க இருந்து இங்க வரைக்கும்னு சொல்லுவேன்."

அன்று அதை வானத்தைப் பற்றிய பேச்சாகவே கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் போன் செய்வாய். உடம்பு எப்படி என்று நான் கேட்டால், "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன். இன்னைக்கு என்ன வெஞ்சனம்ணே?" என்பாய். கடைசி மாதம்வரை அதே குரல், அதே கேள்வி. நேராக விலகிப் போய்க்கொண்டிருந்தாய் செலின். நிற்பதாகவே எனக்குத் தெரிந்தது. இப்போது ஞாயிறுகளில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். என்னவென்று கேட்க ஆளில்லாத வீட்டில் இரண்டாவது எதற்கு?

உன்னோடு வேலை பார்த்த பெண் சென்ற வாரம் பேசினாள். நீ விட்டுச் சென்ற கட்டுரை அச்சாகிவிட்டது. உன் பல்சர் ஒரு விண்மீன் கூட்டத்திலிருந்து புறப்பட்டிருக்கலாம். அளக்க முடியாத நேர் வேகத்தைப் பலவாறு வைத்துப் பின்னோக்கிப் போட்ட பாதைகளில் சில மட்டுமே அந்தக் கூட்டத்தின் வழியாகப் போகின்றன. "முடிவாச் சொல்லியிருந்தா எல்லாரும் கொண்டாடியிருப்பாங்க சார். அக்கா கடைசி வரைக்கும் அப்படி எழுத விடல," என்றாள். சாட்சியச் சட்டத்தில் மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது என்ற இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று உண்டு: மெய்ப்பிக்கப்படாதது. அந்த மூன்றாவதில் நேர்மையாக நிற்பது எத்தனை கடினம் என்பதை உன் தொழிலும் அறிந்திருக்கிறது.

இன்று காலை வாசகத்தைக் கொடுத்துவிட்டேன். ஒட்டன்சத்திரத்துக்குக் கிழக்கு, திண்டுக்கல்லுக்கு மேற்கு, இதற்குள் பிறந்தவள்.

கல் வெட்டுபவர் இரண்டு முறை படித்தார். "சார், இது கல்லறைக் கல்லா, கிரயப் பத்திரமா?"

"வெட்டுங்கள்," என்றேன். அவர் உளியை எடுத்துக்கொண்டார்.

திருநாளன்று காலையில் ஒட்டன்சத்திரம் போய், அங்கிருந்து திண்டுக்கல் பஸ்ஸில் உன்னிடம் வருவேன். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து ரெட்டியார்சத்திரத்துக்கு முன்னும் பின்னும் வழி முழுவதையும் பார்த்துக்கொண்டு வருவேன். எந்த இடம் என்று அப்போதும் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் இந்த முறை கண் அசர மாட்டேன்.

அந்த லாரியில் உன்னோடு வந்த,
உன் அண்ணன்.